வடிதாள் கரையவில்லை

முதுநிலைப் படிப்பின் வாய்மொழித் தேர்வில் நான் ஒரு பொய் சொன்னேன். நான்கே சொற்கள்: “அதுக்கு டைம் இல்ல சார்.” வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டதும் சின்னக் கேள்விதான். என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “வடிதாளக் குடுத்துப் பாத்தியாப்பா?” என்றார். நான் பதில் சொன்னதும் “ம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. அந்த “ம்” மட்டும் பல வருடங்கள் என்னைவிட்டுப் போகவில்லை.

நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு அந்த ஆய்வேட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செடிகளின் நாரான செல்லுலோஸை வெட்டும் நொதி, அதாவது செல்லுலேஸ், எந்தப் பாக்டீரியாவிடம் இருக்கிறது என்று தேடுவதுதான் அது. மண்ணையோ மட்கிய சருகையோ கொண்டுவந்து, சிஎம்சி (தண்ணீரில் கரையும்படி மாற்றிய செல்லுலோஸ்) கலந்த அகார் தட்டில் தடவி, இரண்டு நாள் வளரவிடுவது. பிறகு காங்கோ ரெட் சாயத்தை ஊற்றிக் கால் மணி நேரம் வைத்து, உப்புக் கரைசலால் கழுவுவது. சிவந்துபோன தட்டில் சில பாக்டீரியாக் கூட்டங்களைச் சுற்றி மட்டும் வெளிர்மஞ்சள் வட்டம் விழும். சாயம் நீளமான சங்கிலிகளைத்தான் பிடித்துக்கொள்ளும். நொதி துண்டு துண்டாக வெட்டிவிட்ட இடத்தில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் கழுவும் நீரோடு போய்விடும். டீதர், வுட் என்ற இருவர் 1982-இல் வெளியிட்ட கட்டுரையால் பரவிய முறை. எளிது, செலவில்லை, புகைப்படத்தில் அழகாக விழும். இந்த மஞ்சள் வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆய்வேடுகளை அடுக்கினால் ஒரு நூலகமே நிரம்பும் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்த பாக்டீரியா ஒரு பேசில்லஸ்; அதன் வட்டம் பெரியது. பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குப் பெரியது. வழிகாட்டிக்கும் சந்தோஷம். தலைப்பில் ‘செல்லுலேஸ்’ என்ற சொல் தடித்த எழுத்தில் ஏறிவிட்டது.

ஆனால் நான் வடிதாளைக் கொடுத்துப் பார்த்திருந்தேன். சோதனைக்குழாயில் உப்புகள் மட்டும் உள்ள ஊடகம். பாக்டீரியா சாப்பிட ஒரு வடிதாள் பட்டையைத் தவிர வேறு எதுவும் இல்லை. பத்து நாள் வைத்திருந்தேன். தாள் போட்டபடியே நின்றது. குழாயைக் குலுக்கினால்கூட ஒரு நார் உதிரவில்லை. பதினோராம் நாள் அந்தக் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ஆய்வேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. வடிதாள் என்பது ஏறக்குறையத் தூய செல்லுலோஸ். அதைத் தொடவே தொடாத ஒன்றுக்கு, செல்லுலோஸைச் சிதைப்பது என்று நான் பட்டம் கட்டியிருந்தேன்.

கட்டவிழ்த்துக் கொடுத்த கயிறு

செல்லுலோஸும் மாவுச்சத்தும் ஒரே குளுக்கோஸால் ஆனவை என்பதைப் பள்ளியிலேயே சொல்லிவிடுகிறார்கள். பிணைப்பு மாவுச்சத்தில் ஆல்ஃபா, செல்லுலோஸில் பீட்டா. அவ்வளவுதான் என்று கடந்தும் போய்விடுகிறார்கள். அந்த அவ்வளவுதானில்தான் எல்லாம் இருக்கிறது. பீட்டா பிணைப்பில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி உட்கார்வதால் சங்கிலி சுருளாமல் நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு படிகமாகின்றன. உள்ளே தண்ணீர் நுழையவே இடமில்லை. தண்ணீரே நுழையாத இடத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய நொதி எப்படி நுழையும்? பிணைப்பு ஒவ்வொன்றும் தனியாகவே கெட்டி. நொதியின் உதவி இல்லாமல், 25 டிகிரி வெப்பத்தில், வெறும் தண்ணீரில் கிடந்தால் அதில் பாதி உடைய ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று 1998-இல் வுல்ஃபென்டனும் கூட்டாளிகளும் கணக்கிட்டார்கள். அன்செல்ம் பாயன் 1838-இல் செடிகளின் திசுவிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்ததும் இந்தப் பிடிவாதத்தால்தான்: அமிலத்தாலும் அமோனியாவாலும் கழுவிக் கழுவி மற்றதெல்லாம் போன பிறகும் போகாமல் மிஞ்சியது இது.

சிஎம்சியோ வேறு பிறவி. செல்லுலோஸ் சங்கிலியில் ஆங்காங்கே கார்பாக்சிமெத்தில் தொகுதிகளைத் தொங்கவிட்டால் சங்கிலிகள் நெருங்கிப் படுக்க முடியாது. படிகம் குலைந்து முழுக்கத் தண்ணீரில் கரைந்துவிடும். கயிற்றுக் கட்டை அவிழ்த்து, சிக்கெடுத்து, ஒவ்வொரு இழையாக நீரில் மிதக்கவிட்ட பிறகு கையில் கத்தியைக் கொடுத்து ‘வெட்டு’ என்பது போன்ற சோதனை அது. என் பேசில்லஸ் நன்றாகவே வெட்டியது. கட்டை அவிழ்க்க அதற்குத் தெரியவில்லை.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாக எழுதியவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எல்வின் ரீஸ். அவர் அங்கே வந்து சேர்ந்த கதை எனக்கு எப்போதும் பிடிக்கும், ஏனென்றால் அது நொதியைத் தேடிப் போன கதையே இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளின் ஈரக் காட்டில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரமும் சீருடையும் பைகளும் மட்கி உதிர்ந்தன. அதைத் தடுக்க வழி தேடித்தான் படையின் தளவாடப் பிரிவு பூஞ்சைகளைச் சேகரித்தது. சாலமன் தீவுக்கூட்டத்தின் பூகன்வில்லில் மட்கிய துணியிலிருந்து கிடைத்த ஒரு பூஞ்சைக்கு கியூஎம் 6ஏ என்று எண் கொடுத்தார்கள். முதலில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்று கருதப்பட்ட அது, 1977-இல் ரீஸின் பெயராலேயே ட்ரைக்கோடெர்மா ரீசை ஆனது. இன்று தொழிற்சாலைகளில் பெரிய கலன்களில் வளரும் ட்ரைக்கோடெர்மா ரீசை வகைகள் எல்லாமே அந்த ஒற்றைத் துணிப் பூஞ்சையின் வாரிசுகள். மேரி மேன்டெல்ஸும் ரீஸும், பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்களும் அதைக் கதிர்வீச்சாலும் ரசாயனத்தாலும் பிறழ வைத்துப் பிறழ வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போதைய வகைகள் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் புரதத்தை வெளியே கொட்டுகின்றன. 2008-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோதுதான் வேடிக்கை வெளியானது: இத்தனை பேர் போன இந்தப் பூஞ்சையிடம் செல்லுலேஸ் மரபணுக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆயுதம் கொஞ்சம்தான், அதைக் கொட்டும் அளவுதான் அசுரத்தனம்.

ரீஸ் கவனித்தது இது. சிஎம்சியைத் தின்று வளரும் நுண்ணுயிர்கள் ஏராளம். பருத்தியைத் தின்பவை மிகச் சில. அப்படியானால் பருத்தியைத் தின்பவற்றிடம் கூடுதலாக ஏதோ ஒன்று இருக்க வேண்டும். 1950-இல் சியூ, லெவின்சன் இருவருடனும் சேர்ந்து அவர் அதற்கு சி-1 என்று பெயர் வைத்தார். சி-1 முதலில் படிகத்தைக் கலைத்து இளக்கும். பிறகு சி-எக்ஸ் என்ற வெட்டும் நொதி வந்து வெட்டும். சி-1 என்னவென்று அவருக்குத் தெரியாது. இருந்தாக வேண்டும் என்று மட்டும் தெரியும்.

நான் ஆய்வேடு எழுதிய காலத்தில் இந்தக் கட்டுரை அரை நூற்றாண்டுப் பழசு. தேர்வாளரின் கேள்வி அதிலிருந்துதான் வந்தது என்பது, அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் இருந்தது வெறும் சி-எக்ஸ்.

நான்கு சதவீதம்

இதையும் சொல்லிவிட வேண்டும், என் பொய்யைக் கொஞ்சம் லேசாக்கிக்கொள்ளவாவது. செல்லுலேஸை அளக்க உலகம் ஒப்புக்கொண்ட வடிதாள் சோதனையே முழுத் தாளையும் கேட்பதில்லை. 1987-இல் டி. கே. கோஷ் தொகுத்து வரையறுத்த அந்த முறையில், வாட்மன் முதலாம் எண் தாளில் 1 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட பட்டை, எடை 50 மில்லிகிராம், பிஹெச் 4.8, 50 டிகிரி, ஒரு மணி நேரம். அதில் 2 மில்லிகிராம் குளுக்கோஸ் வந்தால் போதும். அதாவது தாளில் ஏறத்தாழ 4 சதவீதம் மட்டும். சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் டிஎன்எஸ் கரைசலைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மஞ்சள் செம்பழுப்பாவதைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியதுதான்.

இந்த 4 சதவீதம் தற்செயலாக வந்ததில்லை. தாளின் இளகிய ஓரங்கள் முதலில் கரையும். போகப்போக எதிரே நிற்பது கெட்டிப் படிகம். நொதியை இரண்டு மடங்கு போட்டால் சர்க்கரை இரண்டு மடங்கு வராது. அதனால்தான் இவ்வளவு நொதிக்கு இவ்வளவு சர்க்கரை என்று கேட்காமல், இவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு நொதி வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறார்கள். தொடங்குவது சுலபம், முடிப்பது கடினம் என்பது அளவுகோலுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. படிக்கும்போது இதை நடைமுறைச் சள்ளை என்று நினைத்து மனப்பாடம் செய்தேன்.

“எப்ப நிக்கும்?”

படிப்பு முடிந்ததும் ஆய்வுக்குப் போகவில்லை. நொதி விற்கும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப விற்பனையாளன் ஆனேன். மாதிரி கேன்களைத் தூக்கிக்கொண்டு டெனிம் வாஷிங் ஆலைகளுக்குப் போவதுதான் வேலை. செல்லுலேஸ் உலகத்தில் உருப்படியாகக் காசு பார்த்த முதல் பெரிய இடங்களில் இதுவும் ஒன்று. ஜீன்ஸுக்கு அந்தப் பழைய, தேய்ந்த தோற்றத்தைக் கொடுக்க முன்பெல்லாம் எரிமலைக் கல்லைத் துணியோடு போட்டு உருட்டினார்கள். மெஷின் தேயும், கல்லின் தூள் வடிகாலை அடைக்கும், பாக்கெட்டுக்குள் புகுந்த கல்லை ஆள் வைத்துப் பொறுக்க வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் அந்த இடத்துக்குச் செல்லுலேஸ் வந்தது. இண்டிகோ சாயம் நூலின் மேற்புறத்தில்தான் உட்காரும், உள்ளே நூல் வெள்ளை. நொதி மேலே இருக்கும் நாரின் பிசிறுகளை அரித்துவிட்டால் மெஷினின் உருட்டலில் அவை சாயத்தோடு உதிரும். அடியில் இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். நொதி இங்கே தனியாக வேலை செய்வதில்லை. அது தளர்த்தும், உராய்வு உதிர்க்கும்.

ட்ரைக்கோடெர்மாவிலிருந்து வரும் அமில நொதி பிஹெச் 5-ஐ ஒட்டி, 50 டிகிரிக்குப் பக்கத்தில் வேகமாக வேலை செய்யும். வேகத்துக்கு விலை உண்டு: உதிர்ந்த இண்டிகோ திரும்பப் போய் வெள்ளை இழைகளில் ஒட்டிக்கொள்ளும், துணியின் வலுவும் சீக்கிரம் குறையும். ஹ்யூமிகோலா பூஞ்சையின் நடுநிலை நொதி மெதுவாகப் போகும், ஆனால் துணி பளிச்சென்று இருக்கும். எந்த ஆலைக்கு எது என்று சொல்வது என் பிழைப்பு. நான் எல்லா இடத்திலும் வேகத்தையே பேசினேன். நாற்பது நிமிடத்தில் முடியும், முப்பத்தைந்தில் முடியும் என்று தாளில் வரைபடம் காட்டினேன்.

ஒரு நாள் காலையில் ஒரு ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். போனபோது வாஷிங் மாஸ்டர் கத்தவில்லை. அதுவே பயமாக இருந்தது. டிராலியில் கிடந்த ஈரப் பேன்ட் ஒன்றை எடுத்தார், இடுப்புப் பட்டிக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பழைய படுக்கை விரிப்பு கிழிவது போலக் கிழிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும்தான். நடந்தது இதுதான்: முந்தைய இரவு நொதிக் குளியல் சரியான நேரத்தில் முடிந்திருக்கிறது, தண்ணீரை வடித்திருக்கிறார்கள், இரண்டு முறை பச்சைத் தண்ணீரில் அலசியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சோடா போட்டுச் சுடுநீரில் நொதியைக் ‘கில்’ பண்ண வேண்டும். அந்த நேரம் பார்த்து பாய்லர் நின்றுவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஈரத்துணியை அப்படியே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“ரெண்டு தண்ணி அலசியிருக்கீங்களே மாஸ்டர், என்சைம் அப்பவே போயிருக்குமே” என்றேன்.

“போயிருந்தா இது ஏன் தம்பி கிழியுது?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கிழிந்த பேன்ட்டை டிராலியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எவ்வளவு வேகமா வெட்டும்னு வர்ற எல்லாரும் சொல்றீங்க. எப்ப நிக்கும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் நான் தேர்வுகளில் பலமுறை வரைந்திருந்த ஒரு படம் கண் முன்னால் நின்றது. தவளைக்குஞ்சு மாதிரி இருக்கும் அது. பெரிய தலை, ஒல்லியான கழுத்து, முனையில் சின்ன வால். தலைதான் வெட்டும் பகுதி. ட்ரைக்கோடெர்மாவின் முக்கிய நொதியான செல் 7ஏ-யில் அந்தத் தலைக்குள்ளே 50 ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்கு ஒரு சுரங்கம் இருப்பதை 1994-இல் கண்டுபிடித்தார்கள். செல்லுலோஸ் சங்கிலியின் ஒரு முனை அதில் நுழைந்து, உள்ளே இழுபட்டு, இரண்டிரண்டு குளுக்கோஸாக நறுக்கப்பட்டு மறுபக்கம் வெளியேறும். கழுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன வால் எதையும் வெட்டாது. அதன் ஒரே வேலை செல்லுலோஸைப் பற்றிக்கொள்வது. தட்டையாக அடுக்கி நிற்கும் சில அமினோ அமிலங்கள் செல்லுலோஸின் தட்டையான முகத்தில் பல்லிபோல ஒட்டிக்கொள்ளும். ‘செல்லுலோஸைப் பிணைக்கும் பகுதி’ என்று அம்புக்குறி போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பற்றிக்கொள்ளவே பிறந்த ஒன்று பச்சைத் தண்ணீருக்கு எப்படி விட்டுப் போகும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. தண்ணீர் வடிந்துபோனது, நொதி துணியிலேயே இருந்தது. சூடு குறைந்ததால் மெதுவாக, ஆனால் விடிய விடிய வேலை செய்திருக்கிறது.

அந்த லாட்டுக்கு நஷ்டத்தை யார் ஏற்பது என்ற பேச்சு தனியாக நடந்தது, அது இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு எந்த ஆலைக்குப் போனாலும் நான் முதலில் சொன்னது நிறுத்தும் முறையைத்தான்: பிஹெச்சை 10-க்குக் கொண்டுபோங்கள், அல்லது 80 டிகிரியில் பத்து நிமிடம் ஓட்டுங்கள், பாய்லர் சரியில்லாத நாளில் நொதியைத் தொடவே தொடாதீர்கள். விற்பனை கொஞ்சம் குறைந்தது.

அரைகுறைக்குக் கிடைத்த வேலை

மாஸ்டரின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மற்றத் தொழில்களைப் பார்க்க ஆரம்பித்தபோது, செல்லுலேஸ் காசாகும் இடங்களிலெல்லாம் அதே சங்கதி இருந்தது. பருத்தித் துணியிலும் மரக்கூழிலிருந்து செய்யும் லையோசெல் துணியிலும் மேலே எழும் பஞ்சுப்பிசிறை நீக்க நொதி போடுகிறார்கள். எடையில் சில சதவீதம் போனதும் நிறுத்திவிட வேண்டும். மறுசுழற்சிக் காகிதக் கூழில் கொஞ்சம் போட்டால் நுண்ணிய துணுக்குகள் கரைந்து தண்ணீர் சீக்கிரம் வடிகிறது. கூடிப்போனால் காகிதத்தின் உறுதி போய்விடும். காகிதக் கூழ் வெளுப்பதற்கு சைலனேஸ் என்ற வேறொரு நொதியை வாங்குபவர்கள் அதில் செல்லுலேஸ் கலந்திருக்கவே கூடாது என்று நிபந்தனை போடுவார்கள். செல்லுலேஸின் பெயர் இல்லாமலிருப்பதே ஒரு பண்டத்தின் தரச்சான்று ஆகிற விந்தை அங்கே உண்டு. பழச்சாற்றுத் தொழிலில் பெக்டினை உடைக்கும் பெக்டினேஸ் நொதியோடு துணைக்குப் போகிறது, செல்சுவரை இளக்கிச் சாற்றை விடுவிக்க; முழுக்கக் கரைக்க அங்கும் யாரும் கேட்பதில்லை.

சலவைத்தூள் பக்கம் வந்தபோதுதான் ஆடிப்போனேன். 1987-இல் ஜப்பானின் காவோ நிறுவனம் ‘அட்டாக்’ என்ற செறிவூட்டிய சலவைத்தூளை வெளியிட்டது. அதில் இருந்தது காரத்தில் வேலை செய்யும் ஒரு செல்லுலேஸ், பேசில்லஸ் பாக்டீரியாவிலிருந்து வந்தது. அந்த நொதியைப் பற்றிய விவரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு என் பழைய தட்டு ஞாபகம் வந்தது. சிஎம்சியை நன்றாக வெட்டும். படிகச் செல்லுலோஸை ஏறக்குறையத் தொடாது. சலவைக்கு வேண்டியதும் அதுதானே? பருத்தி நாருக்குள் படிகமாகாத, இளகிய இடங்கள் இருக்கின்றன. அழுக்கு அங்கே போய்ப் புதைந்துகொள்கிறது. நொதி அந்த இடத்தை மட்டும் லேசாகத் தளர்த்தினால் அழுக்கு வெளியே வரும். நாரின் எலும்பான படிகம் அப்படியே இருக்கும். படிகத்தையும் தின்னத் தெரிந்த ஒன்றை அங்கே போட்டிருந்தால் சட்டை சில சலவைகளிலேயே நூலாகிவிடும்.

என் பேசில்லஸ் அந்த அளவுக்கு உசத்தியானது என்று சொல்ல வரவில்லை. காரத்தில் நிற்குமா, சலவைத்தூளின் மற்ற ரசாயனங்களைத் தாங்குமா என்பதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதனிடம் குறை என்று நான் ஒளித்த குணம்தான் இன்னொரு இடத்தில் தகுதி. “பாத்தேன் சார், கரையல” என்று அன்று சொல்லியிருந்தால், அந்தத் தேர்வாளர் ஆய்வேட்டிலிருந்து ஒருவேளை தலையை நிமிர்த்தியிருப்பார். கரையாததை வைத்து என்ன செய்யலாம் என்று இருவரும் ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம்.

முழுசாகக் கேட்டவர்கள்

முழுசாகக் கரைக்கச் சொன்ன தொழிலும் உண்டு. வைக்கோலையும் சோளத்தட்டையையும் சர்க்கரையாக்கி, சர்க்கரையை எத்தனாலாக்குவது. காகிதத்தில் இதைவிட அழகான திட்டம் கிடையாது. அமெரிக்கா 2007-இல் இயற்றிய சட்டம், 2022-க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் என்று இலக்கு வைத்தது. இத்தாலியின் கிரசென்டினோவில் 2013-இல் ஆலை திறந்தது. கன்சாஸின் ஹியூகோடனிலும் அயோவாவின் எம்மெட்ஸ்பர்க்கிலும் 2014-இல். அயோவாவின் நெவாடா என்ற ஊரில் 2015-இல். 2020 பிறப்பதற்குள் நான்கும் ஓடுவதை நிறுத்தியிருந்தன. கிரசென்டினோ பிறகு வேறு கைக்கு மாறியது.

நொதியின் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை. வயலிலிருந்து வரும் வைக்கோல் கட்டில் மண்ணும் கல்லும் வந்து இயந்திரத்தைத் தேய்த்தன. 2014-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. அரசு இலக்கை ஆண்டுதோறும் தளர்த்திக்கொண்டே வந்தது. ஆனாலும் கலனுக்குள் நடப்பது என்னவோ நான் சோதனைக்குழாயில் பார்த்ததன் பெரிய வடிவம்தான். முதலில் நீராவியாலோ அமிலத்தாலோ வைக்கோலைப் பதப்படுத்திக் கட்டை அவிழ்க்க வேண்டும். அப்புறமும் செடிக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னின் இருக்கிறது. நொதி செல்லுலோஸுக்குப் பதிலாக அதில் போய் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. வெட்டி வரும் இரட்டைக் குளுக்கோஸான செல்லோபயோஸ் சேரச்சேர வெட்டும் நொதியையே அது அடைக்கிறது; பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற இன்னொரு நொதி வந்து அதை உடைத்தால்தான் வேலை நகரும், ட்ரைக்கோடெர்மாவிடம் அது போதுமான அளவு இல்லாததால் வெளியிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது. ஒரே சங்கிலியில் வரிசையாக ஏறிய செல் 7ஏ-க்கள் முன்னால் நிற்பது நகராமல் பின்னால் நெரிசலாக நிற்பதை 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் படமாகவே பிடித்தார்கள். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு மாவுச்சத்துக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு நொதி வேண்டும். கரையான் இதைச் சத்தமில்லாமல் செய்கிறதே என்று மேடையில் சொல்வார்கள். கரையான் மரத்தை முதலில் பொடிப்பொடியாக அரைக்கிறது, குடலில் ஒரு ஊரையே குடிவைத்திருக்கிறது, லாபக் கணக்கும் பார்ப்பதில்லை.

ரீஸின் சி-1 என்னவாயிற்று என்றும் சொல்லியாக வேண்டும். நடுவில் பல காலம் அந்தப் பெயரே வழக்கொழிந்தது. சங்கிலியின் நடுவில் வெட்டும் நொதியும் (எண்டோகுளுக்கனேஸ்) முனையிலிருந்து வெட்டும் நொதியும் கைகோத்தால் போதும், தனியாக ஒன்று வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தார்கள். காற்றை நீக்கினால் செல்லுலோஸ் சிதைவது குறைகிறதே என்று 1974-இல் ஸ்வீடனின் எரிக்சன் குழு எழுதியது பெரிதாக எடுபடவில்லை. 2010-இல் நார்வே ஆய்வாளர்கள், பூச்சிகளின் ஓட்டில் இருக்கும் கைட்டினில் வேலை செய்யும் ஒரு புரதத்தைக் கவனித்தார்கள். அது தண்ணீரால் பிணைப்பை உடைக்கவில்லை, ஆக்சிஜனேற்றத்தால் உடைத்தது. சங்கிலியைச் சுரங்கத்துக்குள் இழுக்காமல், தட்டையான முகத்தைப் படிகத்தின் மேல் வைத்து நின்ற இடத்திலேயே அறுத்தது. நடுவில் ஒரு செம்பு அணு இருப்பது மறுவருடம் தெரிந்தது. எல்பிஎம்ஓ என்று அழைக்கப்படும் இந்தக் குடும்பத்தின் பூஞ்சை உறுப்பினர்கள் அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்தவைதான். சக்தியில்லாத எண்டோகுளுக்கனேஸ்கள் என்று தவறான வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். இப்போது வைக்கோலுக்கு விற்கும் நொதிக் கலவைகளில் அவையும் இருக்கின்றன. ரீஸ் சொன்ன சி-1 இதுதானா என்றால் முழுக்க இல்லை. ஆனால் அவர் காலியாக விட்டுப்போன நாற்காலிக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு யாரும் வந்து உட்காரவில்லை.

போன மாதம் அந்த வாஷிங் மாஸ்டர் கூப்பிட்டிருந்தார். இப்போது வேறு ஆலையில் இருக்கிறார். லேசான, எலாஸ்டிக் கலந்த துணி வருகிறதாம். நடுநிலை நொதிகூட அதற்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்றார்.

“இன்னும் கொஞ்சம் சோம்பேறியா ஏதாவது வெச்சிருக்கீங்களா தம்பி?”

பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு என் பேசில்லஸ் நினைவுக்கு வந்தது. கடைசிப் பருவம் முடிந்து ஆய்வக மேசையைக் காலி செய்தபோது, எண் மட்டும் எழுதிய அதன் அகார் சாய்வுக் குழாய்கள் இரண்டையும் மற்றக் குப்பையோடு சேர்த்து 121 டிகிரியில் பதினைந்து நிமிடம் ஆட்டோகிளேவில் வைத்துக் கொன்றது நான்தான்.